பைமேல் இரண்டு பெண்கள்

படத்தில் இருந்த குண்டு அம்மாளுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி இருந்தது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

"இது எங்க மாமியாளா?" என்று விக்னேஸ்வரி ஆச்சி, மன்றத்தின் வாட்சப் புலனக் குழுவில் கேட்டிருந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரும் எதுவும் எழுதவில்லை, மற்றவர்களும் எழுதவில்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. படத்தை அனுப்பியவள் குமுதா.

ஆச்சி, மங்கையர் நற்பணி மன்றத்தின் தலைவி. மலேசியாவின் ஈப்போவில் மூன்று தலைமுறையாக வணிகம் செய்யும் செட்டிநாட்டுக் குடும்பம். குமுதா செயலாளர். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளராக இருக்கிறாள். எதையும் மறுத்துப் பேச வராது என்பதாலேயே அவளைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

தீபாவளிக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தார் வசதியில்லாத குடும்பங்களை மண்டபத்துக்கு அழைத்து, மேடையில் வைத்து அரிசி, எண்ணெய், மைலோ பானப்பொடி, முறுக்கு மாவு எல்லாம் அடங்கிய பையைக் கொடுப்பார்கள். இந்த வருடம் துணிப்பை. பைமேல் ஏதாவது படம் வேண்டும் என்றார்கள். குமுதா ஒரு யோசனை சொன்னாள். வழக்கமாக அவள் யோசனை எதுவும் சொல்வதில்லை. சொன்ன ஒன்றும் இப்படி ஆகிவிட்டது.

மன்றத்தின் பழைய வாசிப்பறையைக் காலி செய்தபோது, ஈப்போவிலேயே அச்சாகி எப்போதோ நின்றுபோன மாத இதழ் ஒன்றின் கட்டு அவள் கைக்கு வந்திருந்தது. அதில் கேலிச்சித்திரங்கள் நிறைய. பாதி தானதர்மம் பற்றியவை. கொடுப்பவர் எப்போதும் குண்டு, வாங்குபவர் எப்போதும் ஒல்லி. கொடுப்பவர் மேல்படியில், வாங்குபவர் கீழே. கொடுப்பவருக்கு நகை, வாங்குபவருக்கு ஒட்டுப்போட்ட துணி. மின்கலத்தில் போட்டிருக்கும் கூட்டல் கழித்தல் குறிபோல, படிக்காமலே எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அவள் தேர்ந்தெடுத்ததில் ஒரு குண்டு அம்மாள் ஒல்லிப் பெண்ணுக்குப் பழைய சேலையைக் கொடுக்கிறாள். "கிழியாத பக்கமாப் பார்த்துக் கட்டிக்க" என்கிறாள். ஒல்லிப் பெண் வாங்கிக்கொண்டே கேட்கிறாள்: "நீங்களும் அப்படித்தானே கட்டினீங்கம்மா?"

ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து குமுதா சத்தம்போட்டுச் சிரித்தாள். நல்லம்மாள் பார்த்தாலும் இப்படித்தான் சிரிப்பாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் படத்தைக் குழுவுக்கு அனுப்பினாள்.

நல்லம்மாளும் குமுதாவும் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே தொழிலாளர் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. குமுதாவின் அப்பாவுக்குத் தோட்ட ஆபிசில் வேலை கிடைத்து அவர்கள் குவார்ட்டர்சுக்குப் போனார்கள். குமுதா ஆறாம் படிவம்வரை படித்தாள். நல்லம்மாள் மூன்றாம் படிவத்தோடு நின்றாள். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்தை இடித்தபோது ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பல வருடம் கழித்து ஈப்போவில், நல்லம்மாள் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள் என்று தெரிந்ததும், குமுதா அவள் பெயரை மன்றத்தில் கொடுத்தாள்.

அதிலிருந்து வருடம் ஒருமுறை நல்லம்மாள் வருவாள். மேடையேறிப் பை வாங்குவாள். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் இருவரும் நின்று தேநீர் குடிப்பார்கள். அந்தத் தேநீர்தான் குமுதாவுக்குத் தீபாவளி. மற்ற நாளில் காரணமில்லாமல் போன் போட அவளுக்குக் கூச்சம். 'என்ன விசயம்?' என்று கேட்டால் என்ன சொல்வது? பை இருந்தால் விசயம் இருக்கிறது.

பை நின்றுவிடக் கூடாதே என்று மூக்குத்தியை முதலில் எடுத்தாள். கைப்பேசியிலேயே விரலால் தேய்த்தால் போய்விட்டது.

மூக்குத்தி போனதும் அந்த அம்மாள் பொருளாளர் கலாதேவி டீச்சர் மாதிரி ஆகிவிட்டாள். இது குமுதாவுக்குத் தோன்றவில்லை. டீச்சருக்கே தோன்றிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கனத்த உடம்பு, மூக்கு குத்தாதவர். குழுவில் எதுவும் எழுதாமல் குமுதாவுக்குப் போன் போட்டார். நாற்பது வருசம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் பென்சில் வாங்கிக் கொடுத்தவள் தான் என்றும், கிழிந்த சேலை யாருக்கும் கொடுத்ததில்லை என்றும், தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவளை இப்படி வரையக்கூடாது என்றும் நிதானமாகச் சொன்னார். வரைந்தவர் செத்து வெகுகாலம் இருக்கும் என்று குமுதா சொல்ல நினைத்தாள். "சரிங்க டீச்சர்" என்றாள்.

குண்டை ஒல்லியாக்க அவளுக்கு வரையத் தெரியாது. ஆகவே ஒல்லிப் பெண்ணையே நகல் எடுத்து, திருப்பி, குண்டு அம்மாள் நின்ற இடத்தில் ஒட்டினாள். படி கொஞ்சம் மறைந்துபோனது. பரவாயில்லை, சமத்துவம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆச்சி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, அக்கா தங்கச்சி மாதிரி. ஆனா யாரு குடுக்குறது, யாரு வாங்குறது?" என்றார். நன்கொடை தருகிறவர்கள் கேட்பார்கள் இல்லையா. வாங்குகிறவள் சேலையில் ஒரு ஒட்டாவது தெரிய வேண்டும் என்று முடிவானது. நகல் எடுத்தபோது ஒட்டுகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று இரண்டு சேலையிலும் அவற்றை அழித்தது குமுதாதான். இப்போது ஒன்றில் மட்டும் திரும்பப் போடும்படி பை அச்சிடும் கோகிலனிடம் சொன்னாள்.

அதற்குள் வசனத்துக்கும் ஆபத்து வந்தது. கிழிசல் பேச்சு கொடுக்கிறவர்களைக் குத்துகிறது என்று ஆச்சியின் வீட்டில் சொன்னார்களாம். அம்மாளின் வசனத்தை அதன் பேச்சுக் குமிழோடு எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு குமிழில் யாருக்கும் மனம் நோகாத சொல்லாகப் போட வேண்டும். டீச்சர்தான் சொன்னார், "பசியாறியாச்சான்னு போடுங்க. காலையில யாரைப் பார்த்தாலும் அதைத்தானே கேக்குறோம். இதுல யாருக்குக் கோவம் வரப்போகுது?"

எல்லாருக்கும் பிடித்திருந்தது. குமுதாவும் கையைத் தூக்கினாள்.

பைகள் வந்தன. ஆச்சி வீட்டு மேசையில் ஒன்றை விரித்துவைத்து மூவரும் பார்த்தார்கள். கோகிலன் பக்கத்தில் நின்றான்.

"தம்பி, ரெண்டு பேருக்கும் ஒட்டு இருக்கே" என்றார் டீச்சர்.

"ஒருத்தருக்கு மட்டும் போட்டா ஒரு மாதிரி இருக்குலா டீச்சர். அதான் ரெண்டு பேருக்கும் போட்டுட்டேன். இப்ப பேலன்சா இருக்கு."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குமிழின் வாலை விரலால் தொடர்ந்துபோனார். குமிழ் பழைய குமிழ்தான். அதன் வால் வாங்குகிறவள் வாயிலேயே இருந்தது. "இங்க பாருங்க. வாங்குறவ குடுக்குறவளைப் பார்த்து, பசியாறியாச்சான்னு கேக்குறா."

"இதுல எது வாங்குறவ?" என்று ஆச்சி கேட்டார்.

"கை நீட்டியிருக்கிறவ."

"ரெண்டு பேரும்தான் நீட்டியிருக்காங்க."

கோகிலன், அச்சானது அச்சானதுதான், மை காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மெதுவாக நழுவினான்.

ஆச்சி பையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "இந்த மூஞ்சிய நான் பார்த்திருக்கேன் குமுதா. வருசா வருசம் வருமே, ஹோட்டல்ல வேலை செய்யுற பொண்ணு. அதே கன்னம், அதே கொண்டை. அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு."

குமுதா பார்த்தாள். தூக்கலான கன்ன எலும்பு. தளர்ந்து ஒருபக்கம் சரிந்த கொண்டை. வாங்கும்போதும் தாழாத முகவாய். இத்தனை நாள் தேய்த்து, வெட்டி, ஒட்டியது எல்லாம் நல்லம்மாளைத்தான். ஒன்றுக்கு இரண்டு நல்லம்மாள், இரண்டுக்கும் ஒட்டுப்போட்ட சேலை.

"அவளையே முதல் ஆளாக் கூப்பிடு" என்றார் ஆச்சி. "பையப் பிடிச்சுக்கிட்டு நின்னா, படமும் ஆளும் பொருத்தமா இருக்கும். பேப்பர்லயும் வரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே மகிழ்ந்துபோய்ச் சொன்னார். அதனால் குமுதா, "சரிங்க ஆச்சி" என்றாள்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அந்தப் பையோடு நல்லம்மாளை மேடையில் நிறுத்த முடியாது. ஏன் என்று அவளிடம் சொல்லவும் முடியாது. 'உன் முகம் ஏழையின் முகம் என்று எங்கள் தலைவி சொன்னார்' என்று எப்படி எழுதுவது? 'அந்தப் படத்தைப் பார்த்து உன் நினைப்பு வந்து அனுப்பியவளே நான்தான்' என்பதை எப்படி எழுதுவது? எழுதினாள், அழித்தாள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லலாமா? விழாவை ரத்து செய்துவிட்டார்கள் என்றால்? பேப்பரில் வந்துவிடும். கடைசியில் எல்லாவற்றிலும் எளிதானதை எழுதினாள்:

'நல்லம்மா, இந்த வருசம் நீ வர வேண்டாம். வேற ஆள் கிடைச்சாச்சு.'

பதில் உடனே வந்தது. 'அப்படியா. நல்லது குமுதா.'

குமுதாவுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. நல்லம்மாள் எப்போதும் எழுத மாட்டாள். குரலில்தான் அனுப்புவாள், அதுவும் 'ஏன்டி சிறுக்கி' என்றுதான் ஆரம்பிப்பாள்.

பரவாயில்லை, விழா முடிந்ததும் சாமானை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்கே போகலாம் என்று தேற்றிக்கொண்டாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லலாம். அவள் திட்டுவாள், பிறகு சிரிப்பாள். இத்தனை வருடத்தில் அவள் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விழா நாளில் குமுதா காலையிலிருந்து அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டினாள். சாயம்போன பருத்திச் சேலை கட்டியிருந்தாள். எண்ணெய் சிந்தும் வேலைக்கு நல்ல சேலை எதற்கு? பைகளை உள்வெளியாகத் திருப்பிவிடலாம் என்று டீச்சர் சொல்லி, திருப்பியும் பார்த்தார்கள். மை துணியில் ஊறி மறுபக்கமும் வந்திருந்தது. எழுத்து இடம்வலம் மாறி மங்கித் தெரிய, பையே பழந்துணிபோல ஆனது. மறுபடி எல்லாவற்றையும் நேராகத் திருப்பினார்கள்.

சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். மேடையில் நாற்காலிகளைக் கணக்காகப் போட்டிருந்தார்கள். ஒன்று காலியாக இருந்தது. அது நல்லம்மாளுடையது.

"எங்க அந்தப் பொண்ணு?" என்றார் ஆச்சி.

"வரலீங்க ஆச்சி. வேலையாம்."

"வேற யாராச்சும்?"

வேறு யாரும் இல்லை. ஆள் பிடிப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டுதான் வந்தது. முன்பு வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள் என்று நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் வீட்டுக்கு அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம், மேடைக்கு வர மாட்டோம் என்றார்கள். இந்த வருடமே குமுதா காம்பார் ஊர்வரை போய்த் தேடியிருந்தாள்.

ஆச்சி அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். முகம் தெளிந்தது. "குமுதா, நீயே ஏறி உக்காரு. யாருக்குத் தெரியப் போவுது?"

மறுக்கத் தெரியாதவள் ஏறி உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டார்கள். நல்லம்மாளின் பெயர்தான், ஆனாலும் எழுந்து போனாள். விருந்தினர் பையை நீட்டினார். இவள் கை நீட்டினாள்.

பேப்பர்க்காரர் கீழேயிருந்து, "சார், குடுத்துடாதீங்க. குடுக்கிற மாதிரியே இருங்க" என்றார். "அக்கா, நீங்க வாங்கிடாதீங்க. கொஞ்சம் குனியுங்க. சிரிக்க வேணாம்."

இருவரும் பையின் இரண்டு காதையும் பிடித்தபடி நின்றார்கள். அவர் விடவில்லை, இவளால் விட முடியவில்லை. நேரம் போகாததால் விருந்தினர் பையிலிருந்த எழுத்தைப் படித்தார். நல்ல மனிதர். இவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "பசியாறியாச்சாம்மா?" என்றார்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத குமுதா, "ஆச்சுங்க" என்றாள்.

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், "பாவம், எவ்வளவு ஒடிஞ்சுபோய் இருக்கு பாரு" என்றது நன்றாகக் கேட்டது. மேடையில் நின்றால் கீழே பேசுவது இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று குமுதாவுக்குத் தெரியாது. அவள் எப்போதும் திரைக்குப் பின்னால் பைகளை எண்ணிக்கொண்டிருப்பவள். நல்லம்மாள் எத்தனை வருடமாக இந்த இடத்தில் நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது காது சுட்டது.

விழா முடிந்ததும் பின்பக்கம் போய் நின்றாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. குடிக்கவில்லை. சாமானை வெறும் அட்டைப்பெட்டிக்கு மாற்றிக் காரில் வைத்துக்கொண்டு நல்லம்மாள் குடியிருக்கும் புந்தோங் பக்கம் போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். படத்தைப் பற்றி முதலில் சொல்வதா, இல்லை, மேடையில் தான் நின்ற கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு அப்புறம் சொல்வதா? இனிமேல் பை எதுவும் வேண்டாம், சும்மாவே வருகிறேன் என்று கடைசியாகச் சொல்ல வேண்டும். அதை மட்டும் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அடுக்குமாடியின் கீழே ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியோடு தடுமாறியவளைப் பார்த்து, எந்த வீடு என்று கேட்டார். நல்லம்மாள் என்றாள்.

"எதிர்வூடுதான், நான் தர்மேந்திரன். அது டூட்டிக்குப் போயிருச்சுக்கா."

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு இல்லையா?"

"சூப்பர்வைசருக்கு ஏதுக்கா ஞாயிறு? ஹோட்டல் முழுக்க அது கையிலதான் இருக்கு. ஓய்வெடுன்னு சொன்னா கேக்கணும்லா."

குமுதா பெட்டியைக் காரின் மேல் வைத்தாள். "எப்ப சூப்பர்வைசர் ஆனா?"

"அது ஆகி நாலஞ்சு வருசம் இருக்கும். மவனும் சிங்கப்பூர்ல நல்ல வேலையில இருக்கான்." அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நீங்க மன்றத்து ஆளா? இத எங்க வூட்டுலயே வச்சிடுங்கக்கா. வருசா வருசம் இங்கதான் குடுத்துட்டுப் போகும். கீழ்மாடில ரெண்டு மூணு குடும்பத்துக்கு நாங்க பிரிச்சுக் குடுத்துருவோம்."

மேடையில் நின்ற நல்லம்மாளின் முகம் குமுதாவுக்கு ஒவ்வொரு வருடமாக நினைவுக்கு வந்தது. தாழாத முகவாய், ஒருபக்கம் சரிந்த கொண்டை, பையை வாங்கும்போது திரையின் பக்கம் பார்த்து ஒரு கண் சிமிட்டல்.

"வசதி இருந்தும் எதுக்கு வந்து மேடையேறி வாங்கினா?" என்று கேட்டாள்.

தர்மேந்திரன் துணியைப் பிழிந்தபடி சாதாரணமாகச் சொன்னார்: "அதுக்கு ஒரு கூட்டாளி இருக்காம்க்கா, அந்த மன்றத்துல. 'பாவம், குடுக்க ஆள் கிடைக்காம வருசா வருசம் தவிக்கிறா, நானும் போகலன்னா அவளுக்கு யாருடா இருக்கா'ன்னு சொல்லி, சம்பளத்தை விட்டுட்டு லீவு போட்டுட்டுல போகும்."